இசட் வளையம்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். பாக்டீரியா பிரியும்போது எஃப்.டி.எஸ்.இசட் என்ற புரதம் நடுவில் வளையமாகத் திரண்டு, சுருக்குப்பைக் கயிறு போல இறுக்கிச் செல்லை இரண்டாக்குகிறது என்று எங்கள் கைடில் இருக்கிறது. இது சரியா?
- மாணவி, நாகர்கோவில்

பதில்: வளையம் உண்மை. அதைத்தான் இசட் வளையம் என்கிறார்கள். 1991-இல் எர்ஃபெய் பி, ஜோ லுட்கென்ஹாஸ் இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைக் காட்டிவிட்டார்கள். கயிறுதான் சந்தேகத்துக்குரியது.

ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் எஃப்.டி.எஸ்.இசட் 383 அமினோ அமிலங்கள் கொண்டது. உருண்டையான பகுதியில் இரண்டு பாதிகள். அவற்றை எச்-7 என்ற நீண்ட ஹீலிக்ஸ் (சுருள்) இணைக்கிறது. முன்பாதியில் குவானோசின் டிரைபாஸ்பேட் என்ற ஆற்றல் மூலக்கூறு உட்காரும் குழி இருக்கிறது. பின்பாதியிலிருந்து டி-7 என்ற வளைவு நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மூலக்கூறின் டி-7 வளைவு அடுத்த மூலக்கூறின் குழிக்குள் நுழைந்தால்தான் டிரைபாஸ்பேட்டை உடைக்கும் நொதிமையம் முழுமையாகும். தனியாக நிற்கும் மூலக்கூறு அதை உடைக்காது; இப்படி வரிசையாகக் கோத்த இழையில் சேர்ந்த பிறகே உடைக்கும். உடைந்து டைபாஸ்பேட் ஆனதும் பிடி தளர்ந்து, இழை கழலத் தொடங்கும். நம் செல்களில் உள்ள டியூபுலின் என்ற புரதமும் இதே கட்டமைப்புதான். இரண்டின் வடிவமும் 1998-இல் ஒன்றாகவே வெளிவந்தபோது அந்த உறவு கண்ணுக்கே தெரிந்தது.

உருண்டைப் பகுதிக்கு அப்பால் நிலையான வடிவமில்லாத ஒரு வால் உண்டு. அதன் நுனி எஃப்.டி.எஸ்.ஏ., சிப்-ஏ ஆகிய புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். எஃப்.டி.எஸ்.இசட் தானாகச் சவ்வில் ஒட்டாது; இவை வழியாகத்தான் ஒட்டுகிறது. தேர்வில் இதை விட்டுவிடாதீர்கள்.

கயிறு ஏன் பொருந்தவில்லை? ஒரு மைக்ரான் விட்டமுள்ள செல்லின் சுற்றளவு சுமார் 3,100 நானோமீட்டர். இழையில் ஒரு மூலக்கூறு பிடிக்கும் நீளம் சுமார் 4.3 நானோமீட்டர். ஒரு சுற்றுக்கே எழுநூறுக்கு மேல் வேண்டும். ஆனால் உள்ளே இருப்பது முழுச்சுற்று இழை அல்ல, ஒன்றையொன்று தழுவிய குட்டை இழைகள். அவை ஒரு முனையில் மூலக்கூறுகளைச் சேர்த்து மறுமுனையில் உதிர்த்தபடி நகர்கின்றன. 2017-இல் ஈ. கோலையிலும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவிலும் இதைக் கண்டார்கள். வேகம் நொடிக்குச் சுமார் 30 நானோமீட்டர். செல்சுவரைக் கட்டும் எஃப்.டி.எஸ்.டபிள்யூ., எஃப்.டி.எஸ்.ஐ. நொதிகளைப் பிரியும் இடம் முழுக்கப் பரப்பிவிடுவது இந்த ஊர்தல்தான். உள்நோக்கி வளரும் புதுச் சுவரே செல்லை மூடுகிறது. பேசில்லஸில் ஊரும் வேகத்தை மாற்றினால் சுவர் கட்டும் வேகமும் மாறியது. ஈ. கோலையில் அப்படி மாறவில்லை, சுவரின் வடிவம்தான் கோணலானது.

இழுவிசையே கிடையாது என்று சொல்லிவிடவும் முடியாது. சவ்வில் ஒட்டும் துண்டைச் சேர்த்த எஃப்.டி.எஸ்.இசட் லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழை உள்ளே நெரிப்பதை 2008-இல் காட்டினார்கள். விடைத்தாளில் “சுவர்க்கட்டுமானத்தை வழிநடத்தும் வளையம்” என்று எழுதுங்கள், தவறாகாது.

கேள்வி: ரப்பர் மரம் வைத்திருக்கிறேன். இந்தப் புரதம் இலையிலும் உண்டு என்கிறான் மகன். உண்மையா?
- விவசாயி, குலசேகரம்

பதில்: உண்மை. ரப்பர், வாழை, நெல் எதுவானாலும் பசுங்கணிகத்துக்குள் எஃப்.டி.எஸ்.இசட்-1, எஃப்.டி.எஸ்.இசட்-2 என இரு வகை இருக்கிறது. பசுங்கணிகம் ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்ததன் மிச்சம் இது. மரபணு மட்டும் இப்போது செடியின் உட்கருவில் இருக்கிறது. நம் உடம்பில் எஃப்.டி.எஸ்.இசட் இல்லை.

கேள்வி: தூய எஃப்.டி.எஸ்.இசட்டை வைத்து இழை உருவாவதை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 350 நானோமீட்டரில் பார்க்கிறோம். ஹெப்பஸ் பஃபர் (பி.எச். மாறாமல் வைக்கும் கரைசல்) பி.எச். 7.5, மெக்னீசியம் குளோரைடு 2.5 மில்லிமோலார், புரதம் 3 மைக்ரோமோலார், டிரைபாஸ்பேட் 1 மில்லிமோலார். ரீடிங் அசையவே இல்லை.
- கல்லூரி ஆசிரியர், மார்த்தாண்டம்

பதில்: இழை உருவாகியிருக்கலாம், உங்கள் கருவிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பி.எச். 7.5-இல் வருபவை பெரும்பாலும் ஒற்றை இழைகள். அவை சிதறடிக்கும் ஒளி ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டருக்குப் போதாது. ஃப்ளூரிமீட்டர் கிடைத்தால் 90 டிகிரியில் ஒளிச்சிதறலைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் இழைகளைக் கற்றையாக்குங்கள்: மெஸ் பஃபர் பி.எச். 6.5, பொட்டாசியம் குளோரைடு 50 மில்லிமோலார், மெக்னீசியம் 10 மில்லிமோலார், புரதம் 10 மைக்ரோமோலார், 30 டிகிரி செல்சியஸ்.

புரத அளவையும் சந்தேகப்படுங்கள். ஈ. கோலை எஃப்.டி.எஸ்.இசட்டில் அந்த ஒளியை நன்றாக உறிஞ்சும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் கிடையாது, அதனால் 280 நானோமீட்டர் அளவு ஏமாற்றும். நிறத்தை வைத்துப் புரதத்தை அளக்கும் பி.சி.ஏ. முறையில் மாட்டு ஆல்புமினை ஸ்டாண்டர்டாக வைத்தால் நிறம் முக்கால் பங்குதான் வரும். கிடைத்த எண்ணை 0.75-ஆல் வகுங்கள். ஒரு மைக்ரோமோலாருக்குக் கீழே போனால் இழையே உருவாகாது.

டயாலிசிஸ் பஃபரில் ஈ.டி.டி.ஏ. மிச்சமிருந்தால் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். டிரைபாஸ்பேட் கரைசல் அமிலமாக இருக்கும், பி.எச். 7-க்குக் கொண்டுவந்த பிறகே சேருங்கள். புரதத்தை மைனஸ் 80-இல் சிறு சிறு பங்காக உறையவையுங்கள். பனிக்கட்டியில் உருக்கி, கட்டிப்போனதைச் சென்ட்ரிஃபியூஜில் தள்ளிவிட்டுப் பயன்படுத்துங்கள். மீதத்தைத் திரும்ப உறையவைக்கும் சிக்கனம் வேண்டாம்.

ரீடிங் ஏறியபின் தானே இறங்கும். ஒரு மூலக்கூறு நிமிடத்துக்குச் சுமார் 5 டிரைபாஸ்பேட்டை உடைக்கும் என்று கொண்டால், 10 மைக்ரோமோலார் புரதம் 1 மில்லிமோலாரை 20 நிமிடத்தில் தீர்த்துவிடும். இறங்கியதும் மறுபடி 1 மில்லிமோலார் சேர்த்துப் பாருங்கள். ஏறினால் புரதம் நன்றாக இருக்கிறது. ஏறாமல் ஆரம்பத்திலிருந்தே கலங்கலாக நின்றால் அது இழையல்ல, கெட்டுப்போன புரதம்.

கேள்வி: செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாட்டிக் இந்தப் புரதத்தைத்தான் தடுக்கிறதா?
- பி.பார்ம். மாணவர், குளச்சல்

பதில்: இல்லை. அது பிடிப்பது எஃப்.டி.எஸ்.ஐ. நொதியை. வளையம் உருவாகும், சுவர் எழாது. செல் பிரியாமல் நீண்டுகொண்டே போகும். எஃப்.டி.எஸ்.இசட்டையே தாக்கும் பி.சி.190723 என்ற சேர்மம் 2008-இல் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவுக்கு எதிராக வந்தது. எச்-7 ஹீலிக்ஸுக்கும் பின்பாதிக்கும் நடுவே புகுந்து, இழையைக் கழல விடாமல் இறுக்கிவிடும். மருந்துக்கடைக்கு அது வரவில்லை.

நீளும் செல்லைக் கல்லூரி ஆய்வகத்திலேயே பார்க்கலாம். நோய் தராத ஈ. கோலை கே-12 இனத்தை எல்.பி. என்ற வளர்ப்புத் திரவத்தில் 37 டிகிரியில் வளர்த்து, 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி 0.2 ஆனதும் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் செஃபலெக்சின் சேருங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கிரிஸ்டல் வயலட் பூசி, 100 மடங்கு ஆயில் லென்ஸில் பாருங்கள். இரண்டு, மூன்று மைக்ரானாக இருந்தவை பத்தைத் தாண்டியிருக்கும். முந்தின இரவு வளர்த்து வைத்ததில் நேராக மருந்தைப் போட்டால் ஒன்றும் நடக்காது, வளர்ச்சி நின்ற செல் நீளாது. இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிட்டால் செல்கள் வெடித்துக் கரையும். ஸ்லைடில் அழுத்தித் தேய்த்தாலும் நீண்டவை முறியும், சொட்டை மெல்லப் பரப்பினால் போதும். முடிந்ததும் எல்லாவற்றையும் 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்துவிட்டே கொட்டுங்கள்.