குலைக்காத கட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ‘ஈயான்ஸ் எண்ட்’ மந்திரவாதிக் கடதாசி விளையாட்டை நாலு பேர் சேர்ந்து ஆடுகிறோம். கட்டு முடிந்தால் குலைக்கக்கூடாது என்கிறார்கள். உண்மையா? (கொக்குவில் வாசகி)

பதில்: உண்மை. எல்லோரும் ஓரணியாகச் சேர்ந்து, கடதாசிகளே இயக்கும் எதிரியிடமிருந்து ஒரு நகரைக் காக்கும் விளையாட்டு இது. 2016இல் வந்த, கெவின் ரைலி வடிவமைத்த இந்த விளையாட்டின் உயிரே அந்த விதிதான். எடுக்கும் கட்டு தீர்ந்ததும் கழித்த கட்டை அப்படியே கவிழ்த்து வைக்கவேண்டும். முதலில் கழித்தது முதலில் கைக்கு வரும்.

கழிக்கும் ஒழுங்கைக் கவனியுங்கள். ஏவிய மந்திரம் உடனே கழிகட்டுக்குப் போகும். அதன்மேல் அந்த முறையில் வாங்கிய கடதாசி. ஆடிய ரத்தினங்கள், அதாவது ஈதர் எனும் பணத்தைத் தரும் கடதாசிகள், மேசையிலேயே கிடந்து, முறை முடியும்போதுதான் போகும். அவற்றை எந்த ஒழுங்கில் வைப்பது என்பது உங்கள் விருப்பம். முறை முடிவில் கையை 5 ஆக நிரப்புகிறோம். ரத்தினங்கள் சிதறிப்போனால் ஒவ்வொரு கையிலும் இரண்டு மூன்று ஈதர்தான் தேறும், விலை கூடிய மந்திரம் எட்டாது. ஒரே கையில் நாலு ரத்தினம் வரும்படி அடுக்கினால் அந்த முறையில் பெரிதாக ஒன்று வாங்கலாம். ஆடாத கடதாசியைக் கையில் வைத்திருக்கவும் விதி இடம் தருகிறது. ரத்தினங்களைச் சேர்த்துவிட அதுவே நல்ல வழி, பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை.

கேள்வி: எங்களுக்கு முறை வரமுதல் எதிரி மூன்று நாலு தரம் தொடர்ந்து அடிக்கிறான். பிழையாக ஆடுகிறோமா? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: இல்லை. நாலு பேர் ஆடும்போது, அடுத்தது யாருடைய முறை என்று சொல்லும் முறைக்கட்டில் 6 கடதாசி: ஆளுக்கு ஒன்று, எதிரிக்கு இரண்டு. ஆறும் முடிந்த பிறகுதான் அதைக் குலைக்கிறோம். ஒரு சுற்றின் கடைசி இரண்டும் அடுத்த சுற்றின் முதல் இரண்டும் எதிரிக்கே விழுந்தால் தொடர்ந்து 4 அடி. அதனால், எதிரியின் கடதாசி ஒன்றும் வெளிவராமல் சுற்றின் நடுப்பகுதி தாண்டினால், ஈதரைப் புதுக் கடதாசி வாங்கச் செலவழிக்காமல் காவலுக்கு ஒதுக்குங்கள். இரண்டும் வந்துவிட்டால் அந்தச் சுற்றின் மிச்சத்தில் பயமின்றி வாங்கலாம். 304 சீட்டாட்டத்தில் விழுந்த துரும்பை எண்ணிவைத்திருப்பவருக்கு இது கைவந்த வேலை.

நகரமான கிரேவ்ஹோல்டுக்கு 30 உயிர், ஆளுக்கு 10. ஒருவர் உயிர் 0 ஆனாலும் அவர் தொடர்ந்து ஆடுவார். ஆனால் அவருக்கு விழவேண்டிய அடி இரட்டிப்பாக நகரத்தில் விழும். நகரம் விழுந்தால் எல்லோருக்கும் தோல்வி. எனவே அடியை எப்போதும் உயிர் கூடியவர் வாங்கட்டும்.

கேள்வி: மூடிய பிளவில் மந்திரம் வைக்கலாமா? (பருத்தித்துறை வாசகர்)

பதில்: பிளவு என்பது மந்திரத்தை ஏவுமுன் வைக்கும் இடம். அந்த முறையில் அந்தப் பிளவை ஒருதரம் திருப்பினால் வைக்கலாம். திருப்ப இரண்டாம் பிளவுக்கு 2 ஈதர், மூன்றாவதுக்கு 3, நாலாவதுக்கு 4. மூடிய பிளவில் வைத்ததை அடுத்த முறையில் கட்டாயம் ஏவவேண்டும். திறந்த பிளவில் வைத்ததைப் பிடித்து வைத்திருக்கலாம். இரண்டாம் பிளவை முதலில் திறவுங்கள்.

கேள்வி: மாரிக்குக் கடதாசி வளைகிறது. லமினேட் செய்யலாமா? (நல்லூர் வாசகி)

பதில்: வேண்டாம். தடிப்புக் கூடி வழுக்கும், கூர்மூலை மற்றக் கடதாசியைக் கீறும். வீரர்களின் கட்டைக் குலைப்பதே இல்லை, அது இலகுவில் தேயாது. தேய்வது சுற்றுக்குச் சுற்றுக் குலைபடும் முறைக்கட்டுத்தான். கடதாசியின் அளவு ஏறக்குறைய 63×88 மில்லிமீற்றர்; அதற்கேற்ற உறையை ஆறுக்கும் ஒரே வகையாகப் போடுங்கள். ஒன்று மட்டும் அடையாளப்பட்டால் எதிரியின் முறை முன்கூட்டியே தெரிந்துவிடும். இறப்பர் வளையம் போடாதீர்கள். வெக்கைக்கு இளகி ஒட்டும், விளிம்பையும் வெட்டும். மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் கட்டை நெருக்கமாக, நிமிர்த்தி வையுங்கள்.