முற்பணம் கொடுத்தாயிற்று, அந்த 12 போர்ப் புத்தகங்களையும் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: மகனுக்குப் பத்து வயது, தரம் 5 படிக்கிறான். பாடசாலையில் திருகோணமலை பிரெட்றிக் கோட்டைக்குக் கூட்டிப்போன நாளிலிருந்து பீரங்கி, கப்பல், யுத்தம் என்று ஓயாத கேள்வி. வீட்டுக்கு வந்த புத்தக முகவர் ஒருவர் ‘உலகப் போர்கள்’ என்ற 12 புத்தகத் தொகுதியைக் காட்டினார். விலை 24,000 ரூபா, ஆறு தவணை. புலமைப்பரிசில் பரீட்சைக்கும் உதவும் என்றார். 2,000 ரூபா முற்பணம் கொடுத்துவிட்டேன். இப்போது மனம் ஒப்பவில்லை. இந்த வயதில் யுத்தப் புத்தகம் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போவானா? எங்கள் நாட்டு யுத்தத்தைப் பற்றியும் கேட்கிறான். என்ன கொடுக்கலாம்? (தாய் ஒருவர், உப்புவெளி)

பதில்: தொகுதியை வாங்க வேண்டாம். புத்தகம் வாங்குங்கள், ஆனால் ஒன்று அல்லது இரண்டு மட்டும். பீரங்கியைக் கண்ட பிள்ளை அதைப் பற்றிக் கேட்பது அறிவின் பசி. அதனால் கெட்டுப்போக மாட்டான். பிழையான புத்தகத்தையோ விளங்காத புத்தகத்தையோ கொடுத்தால்தான் அந்தப் பசி செத்துப்போகும்.

முதலில் புலமைப்பரிசில் கதையை முடித்துவிடுவோம். அந்தப் பரீட்சையின் முதலாம் வினாத்தாள் நுண்ணறிவு. இரண்டாம் வினாத்தாள் தாய்மொழி, கணிதம், சுற்றாடல் போன்றவை. ஹிட்லரும் அதில் வர மாட்டார், பேர்ள் துறைமுகமும் வராது. உலகப் போர்கள் வரலாற்றுப் பாடத்தில் வருவது சாதாரண தர வகுப்பில். தரம் 5 பிள்ளையின் தாய்க்கு அந்தப் பரீட்சையின் பெயரைச் சொன்னால் பேர்ஸ் திறக்கும் என்று இந்த முகவர்களுக்கு நன்றாகத் தெரியும். டைனோசர் புத்தகத்துக்கும் இதையே சொல்கிறார்கள், சமையல் புத்தகத்துக்கும் இதையே சொல்கிறார்கள். ‘அரசாங்கப் பதிவு உண்டு’ என்று பின்னட்டையின் கோடு போட்ட இலக்கத்தைக் காட்டுவது அடுத்த தந்திரம். அது ஐஎஸ்பிஎன். நூலை அடையாளம் காண்பதற்கான 13 இலக்கங்கள், அவ்வளவுதான். உள்ளே இருப்பது சரி என்று அதன் மூலம் யாரும் சான்று தருவதில்லை. 978க்குப் பிறகு 955 அல்லது 624 வந்தால் இலங்கையில் பெற்ற இலக்கம், 81 அல்லது 93 வந்தால் இந்தியா. போலி இலக்கமா என்று கல்குலேட்டரில் பார்த்துவிடலாம்: 1ஆம், 3ஆம், 5ஆம் என்று ஒற்றை இடங்களில் உள்ளவற்றை அப்படியே கூட்டுங்கள், இரட்டை இடங்களில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக 3ஆல் பெருக்கிச் சேருங்கள். மொத்தம் பூச்சியத்தில் முடிய வேண்டும். முடியாவிட்டால் யாரோ சும்மா அச்சிட்ட இலக்கம். அப்படிப்பட்ட புத்தகத்தை மேலும் புரட்டத் தேவையில்லை.

இனி உள்ளடக்கம். போர் பற்றி எதுவும் தெரியாத நீங்கள் எப்படிச் சரிபிழை பார்ப்பது? உலகப் போர் முழுவதையும் பார்க்க வேண்டாம், திருகோணமலையைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் என்று பெயர் போட்ட புத்தகம் என்றால் 1942 ஏப்ரல் மாதத்தைத் தேடுங்கள். ஏப்ரல் 4ஆம் திகதி கனடிய விமானி லெனாட் பேர்ச்சோல் ஓட்டிய கற்றலீனா விமானம் ஜப்பானியக் கப்பற்படையைக் கடலில் கண்டது. 5ஆம் திகதி கொழும்பு தாக்கப்பட்டது, 9ஆம் திகதி திருகோணமலை. அதே 9ஆம் திகதி பிரித்தானியாவின் ஹேர்மிஸ் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதற் கப்பல் அது. அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. மூழ்கிய இடம் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில். ‘திருகோணமலைத் துறைமுகத்தில் மூழ்கியது’ என்று ஒரு புத்தகம் சொன்னால், அதை எழுதியவர் வரைபடத்தைத் திறந்து பார்க்கவில்லை. மற்றப் பக்கங்களையும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

பெரும்பாலான மலிவுத் தொகுதிகள் 1941 டிசம்பர் பேர்ள் துறைமுகத்திலிருந்து 1942 ஜூன் மிட்வே கடற்போருக்கு ஒரே தாவலாகத் தாவிவிடும். நடுவில் நமது கடல் இல்லை. நம்மைத் தாக்க வந்த அணியில் அக்காகி, சோரியூ, ஹிரியூ, ஷோகாக்கு, சுய்காக்கு என்று ஐந்து விமானந்தாங்கிகள் இருந்தன. அவற்றில் முதல் மூன்றும் இரண்டே மாதத்தில் மிட்வேயில் மூழ்கின. இதைச் சொல்லும் புத்தகம் கிடைத்தால் மகன் உங்கள் வீட்டு முற்றத்திலிருந்து பசிபிக் வரைக்கும் தானே கோடு கீறுவான்.

கோட்டை பற்றிய புத்தகம் என்றால் இன்னும் இலகு. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, 1624இல் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் மட்டும் ஜனவரியில் ஆங்கிலேயர், ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் என்று ஒரே ஆண்டில் கொடி இரண்டு தரம் மாறியது. பிறகு மீண்டும் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். பிரெட்றிக் என்ற பெயர் அதற்கும் பிறகு வந்தது. ‘ஆங்கிலேயர் கட்டிய கோட்டை’ என்று ஒரு வரியில் முடிக்கும் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

இப்போது கடைகளில் நிறைந்திருக்கும் பெரிய பொறிக்கு வருகிறேன்: கணினியில் போட்டு மொழிபெயர்த்த தமிழ்ப் புத்தகம். படங்கள் பளபளக்கும், தாள் வழுவழுக்கும். உள்ளே இப்படி ஒரு வரி இருக்கும்:

“தனியார் ஒருவர் ஓட்டைத் தூக்கிக்கொண்டு பத்திரிகையிலிருந்து மின்கலத்துக்கு ஓடினார்.”

பத்து வயதுப் பிள்ளை இதை மூன்று தரம் வாசித்துவிட்டு, தனக்குத்தான் மூளை இல்லை என்று நினைக்கும். நடந்தது இதுதான்: ஆங்கிலத்தில் பிரைவேட் என்றால் சாதாரண சிப்பாய், அது ‘தனியார்’ ஆகிவிட்டது. ஷெல் என்றால் எறிகணை, ‘ஓடு’ ஆகிவிட்டது. மகசின் என்றால் வெடிமருந்து அறை, ‘பத்திரிகை’ ஆகிவிட்டது. பற்றரி என்றால் பீரங்கி வரிசை, ‘மின்கலம்’. ஒரு சிப்பாய் வெடிமருந்து அறையிலிருந்து பீரங்கிக்கு எறிகணை தூக்கிக்கொண்டு ஓடினான் என்பதே செய்தி. எறிகணை என்ற சொல் இங்கே ஆச்சிக்கும் தெரியும். ஆகவே கடையில் நின்றபடியே மூன்று சொற்களைத் தேடுங்கள்: பீரங்கி வரும் பக்கத்தில் ‘மின்கலம்’, கடற்போர்ப் பக்கத்தில் கண்ணிவெடிக்குப் பதில் ‘சுரங்கம்’, படைத்தலைவர் வரும் இடத்தில் ‘பொது’. ஒன்று கண்ணில் பட்டாலும் வாங்க வேண்டாம். பதிப்புரிமைப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரின் பெயரே இல்லாவிட்டால் சந்தேகம் உறுதி.

மொழி சரியா என்பதற்கு வேறொரு சோதனையும் உண்டு. மகனை ஒரு முழுப் பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிய முன்னரே ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இரண்டு வருடம் பொறுத்திருக்கட்டும்.

களவாக அச்சிட்ட பிரதியும் தொகுதி என்ற பெயரில்தான் அதிகம் வரும். படத்தில் கறுப்பு நிறம் மை கொட்டியது போல அடைத்திருக்கும், சிறிய எழுத்தின் ஓரம் மங்கியிருக்கும், பக்க இலக்கம் பாதி வெட்டுப்பட்டிருக்கும். விலைக்கு மேல் விலை ஒட்டியிருந்தால் நகத்தால் கிளப்பிப் பாருங்கள். ‘40 வீதக் கழிவு’ என்பது பல தரம் விலையை முதலில் ஏற்றிவிட்டுக் கழிப்பதுதான். கட்டும் முக்கியம். நடுப்பக்கத்தை விரித்தால் நூல் தையல் தெரிய வேண்டும். பசை மட்டும் போட்ட தடித்த புத்தகம் பிள்ளையின் கையில் முதுகு பிளந்துவிடும். கம்பி அடித்த மெல்லிய புத்தகத்தின் கம்பி உப்புவெளிக் காற்றில் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். வழுவழுப்புத் தாள் மாரியில் ஈரம் பட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் படம் உரியும்.

பழைய புத்தகம் வாங்க வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை விரிவாகவே சொல்ல வேண்டும்: குறுக்குவெட்டுப் படப் புத்தகங்கள். கப்பலையோ கோட்டையையோ பாணை வெட்டுவது போல வெட்டி உள்ளே காட்டும் பெரிய அளவுப் புத்தகங்கள். 30, 40 வருடப் பழசானாலும், ஆங்கிலத்தில் இருந்தாலும் வாங்கலாம். காரணம், பாய்க்கப்பல் இனி மாறப்போவதில்லை. பாய்க்காலப் போர்க்கப்பலின் படத்தில் வெடிமருந்து அறை எங்கே இருக்கிறது என்று மகனைக் காட்டச் சொல்லுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். ஏன்? எதிரியின் குண்டு எட்டக்கூடாது. தீப்பிடித்தால் உடனே தண்ணீரை உள்ளே விட முடிய வேண்டும். அங்கிருந்து வெடிமருந்துப் பொதியை மேலே பீரங்கித் தட்டுக்கு ஓடி ஓடிக் கொடுத்தவர்களில் பலர் பையன்கள், அவனுடைய வயதை ஒட்டியவர்கள். அந்த ஒரு படத்தின் முன்னால் பிள்ளை நெடுநேரம் பேசாமல் இருக்கும். திருகோணமலை என்ற பெயரிலேயே 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட போர்க்கப்பல் ஒன்று இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் நிற்கிறது என்பதையும் அப்போது சொல்லுங்கள்.

இந்த விலக்கு மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது. பழங்காலக் கப்பல், கோட்டை, கவசம் மட்டும்; ‘நவீன ஆயுதங்கள்’ என்ற பழைய புத்தகம் வேண்டாம், அதில் எதுவும் இன்று நவீனமல்ல. வரைபடத்தில் சோவியத் ஒன்றியம் இருந்தால் 1991க்கு முந்தியது, சிலோன் என்றிருந்தால் 1972க்கு முந்தியது என்று பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். மூன்றாவது, முதுகுப் பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். இராமபாணப் பூச்சி விழுந்தால் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். மற்றக் கொப்பி, புத்தகங்களுக்கும் பரவும்.

வெளிநாட்டுச் சிறுவர் புத்தகங்களில் கடைசியில் ‘செய்து பார்’ பக்கம் ஒன்று இருக்கும். பழைய போர்க்களத்துக்குப் போய் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியால் தோட்டா தேடு, வெடித்த குண்டின் துண்டு சேர் என்றிருக்கும். அந்தப் பக்கத்தை வெட்டி எறியுங்கள். இது மிதிவெடியும் வெடிக்காத எறிகணையும் கிடந்த மாவட்டம். சீனக்குடா எண்ணெய்க் குதப் பற்றைகளுக்குள்ளோ கோட்டை மதிலடியிலோ தோண்டக் கூடாது. தொல்பொருள் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றமும்கூட. துருப்பிடித்த எதைக் கண்டாலும் தொடாமல், கல் எறியாமல், வந்த வழியே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் 119க்கு அழையுங்கள்.

நமது யுத்தத்தைப் பற்றி. 1983 முதல் 2009 வரையான அந்தக் காலத்தை இந்த வயதுக்கு நேர்மையாகச் சொல்லும் புத்தகத்தைத் தேடி அலையாதீர்கள். எந்தப் பக்கத்துப் புத்தகமானாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் யாருக்காவது பசிக்கிறதா? இடம்பெயர்ந்த குடும்பம், தாதி, மீன்பிடிக்க முடியாத மீனவர், மூடப்பட்ட பள்ளிக்கூடம், இவர்களில் ஒருவரும் இல்லாமல் சீருடையும் துவக்கும் மட்டும் நிறைந்திருந்தால் அது பிரசாரம். உங்கள் வீட்டில் யாராவது இறந்திருந்தால், காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், புத்தகத்தை முந்தவிடாதீர்கள். முதலில் அவரின் பெயரைச் சொல்லி, படத்தைக் காட்டி, நீங்கள் வாயால் சொல்லுங்கள்.

காசு செலவழிக்காமல் தொடங்க நூலகம் இருக்கிறது. ஆனால் போர்ப் புத்தகம் எல்லாம் ஒரே தட்டில் இராது. நூலகங்கள் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கும் டூயி இலக்கப்படி, படை பற்றியவை 355, கடற்படை 359, கப்பல், ஆயுதப் பொறியியல் 623, இரண்டாம் உலகப் போர் 940.53, 940.54, இலங்கை வரலாறு 954.93. இந்த இலக்கங்களை ஒரு துண்டில் எழுதி மகனின் கையில் கொடுங்கள், அவனே தேடட்டும். பாடசாலை நூலகத்தில் கேளுங்கள் என்றும் சொல்ல ஆசைதான். எத்தனை பாடசாலைகளில் நூலக அலுமாரியின் திறப்பு ஒருவருடைய பையில் இருக்கிறது! நூலகப் பாடவேளையில் கணிதம் நடக்கிறது. நூலகத்துக்கான காசு வருட முடிவில் வரும், திகதிக்குள் செலவழித்தாக வேண்டும். இதே முகவர்கள் பெட்டியோடு வந்து நிற்பார்கள். மூன்று விலைமனுவும் ஒரே ஆளின் பையிலிருந்து வரும். பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டிவைப்பார்கள். புத்தகத்தைத் தெரிந்தெடுக்கப் பயிற்சியும் நேரமும் உள்ள ஒருவரை ஒவ்வொரு பாடசாலையிலும் அமர்த்தாதவரை பிள்ளைகளின் பெயரால் இந்தக் காசு கரைந்துகொண்டேதான் இருக்கும்.

முற்பணத்துக்கு வருவோம். தவணைப் படிவத்தில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்றால் வைக்காதீர்கள், அடையாள அட்டைப் பிரதியும் கொடுக்காதீர்கள். வைத்துவிட்டால் அந்தப் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டில் நிறுவனத்தின் பெயரும் விலாசமும் இருக்கிறதா என்று பாருங்கள்; கைபேசி இலக்கம் மட்டும் இருந்தால் அதைப் படம் பிடித்து வையுங்கள். ‘புலமைப்பரிசில் பரீட்சைக்கு உதவும் என்று சொல்லி விற்றீர்கள், அது உண்மையல்ல, தொகுதி வேண்டாம், 2,000 ரூபாவைத் திருப்பித் தாருங்கள்’ என்று திகதியிட்டு எழுத்தில் அனுப்புங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் வாக்குவாதம் வேண்டாம். ஒரு கிழமைக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து, கையில் அந்தப் பிரதியோடு முறைப்பாடு செய்யுங்கள். முகவர் மறுபடி வாசலுக்கு வந்து ‘அப்ப ஆறு புத்தகம் மட்டும் எடுங்கோ அக்கா’ என்பார். அதற்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.