பிரிஸ்பேனில் மகன் கொங்கிறீற் லைசென்ஸ் எடுக்க விரும்புகிறான்: ஒரு தாய்க்கு எழுதியது

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை தொலைபேசியை வைக்கும் முன் நீங்கள் கேட்டது இன்னும் மனதில் கிடக்கிறது. "கடல் கடந்து வந்தும் பொடியனுக்குக் கல்லும் சீமெந்தும்தானா தம்பி?" அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் அவசரமான ஒன்று இருக்கிறது.

பக்கத்து வீட்டார் போட்டுத் தரச் சொல்லிக் கேட்ட அந்த ட்ரைவ்வேயை, அதாவது வீட்டு முன் கார் ஏறும் கொங்கிறீற் பாதையை, மகன் இப்போது எடுக்க வேண்டாம். சனி ஞாயிறில் இரண்டு கூட்டாளிகளோடு போட்டு முடித்துவிடுவான், அந்தத் திறமை அவனிடம் இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் குவீன்ஸ்லாந்தில் கூலி, பொருள், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 3,300 டொலரைத் தாண்டும் வேலையை ஒருவர் தன் பொறுப்பில் எடுப்பதென்றால், கியூபிசிசி என்று எல்லாரும் சொல்லும் கட்டட ஆணையத்தின் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். இரண்டு கார் நிற்கிற ட்ரைவ்வே இன்றைய விலையில் அந்தத் தொகையை லேசாகத் தாண்டிவிடும். கம்பிக்கு ஒரு பில், கொங்கிறீற்றுக்கு ஒரு பில் என்று பிரித்துப் போட்டால் சரி என்று யாராவது அவனுக்குச் சொல்லியிருப்பார்கள். சட்டம் வேலையின் மொத்தப் பெறுமதியைப் பார்க்கும், பில்லின் எண்ணிக்கையைப் பார்க்காது. சிட்னியில் இருக்கும் உங்கள் தம்பி 5,000 டொலர் வரைக்கும் செய்யலாம் என்றாராம். அது நியூ சவுத் வேல்ஸ் கணக்கு. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.

தண்டப்பணம் இருக்கிறது, அதை விடுங்கள். எனக்குப் பயம் தருவது வேறு. 1991ஆம் ஆண்டுக் கட்டட ஆணையச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாமல் வேலை செய்தவர் பேசிய தொகையைக் கேட்க முடியாது. பொருளுக்கும் மற்ற ஆட்களின் கூலிக்கும் அவர் உண்மையில் செலவழித்ததற்கு மேல் நீதிமன்றத்தில் கேட்க வழியில்லை. அதிலும் அவருடைய சொந்த உழைப்புக்கும் இலாபத்துக்கும் ஒரு சதமும் சேராது. அக்கா, மகன் விற்கப்போவதே அவனுடைய உழைப்பைத்தானே. வீட்டுக்காரர் நல்லவராக இருக்கும்வரை பிரச்சினை வராது. ஒரு வெடிப்பு விழுந்து மனம் கசந்தால் அவர் காசைக் கொடுக்காமல் நிற்கலாம், மகனால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது வேலை செய்யும் இடத்தில் அவனுக்குச் சிக்கல் இல்லை. லைசென்ஸ் உள்ள முதலாளியிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை, வைட் கார்ட் என்ற கட்டடத் தளப் பாதுகாப்புப் பயிற்சி அட்டை இருந்தால் போதும். ஆனால் முதலாளி "ஏபிஎன் எடு, இனிமேல் நீ இன்வொய்ஸ் போடு" என்று, அதாவது வியாபார எண் எடுத்துத் தனியாளாகப் பில் கொடு என்று சொன்னால் அன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள். வேலையாளுக்கு உள்ள பாதுகாப்பு துணை ஒப்பந்தக்காரருக்குத் தானாக வராது. சுப்பர் என்ற ஓய்வுக்கால நிதியும் விடுமுறைச் சம்பளமும் போகிற கவலை அதற்குப் பிறகுதான்.

இனி வழி. கொங்கிறீற் வேலைக்கான தகுதி மூன்றாம் நிலைச் சான்றிதழ். அதன் குறியீடு சிபிசி 30320. பள்ளி முடித்த பிள்ளை அப்ரென்டிஸாகச் சேர்ந்து சம்பளம் வாங்கியபடியே படிக்கலாம். உங்கள் மகன் நாலு வருடம் வேலை செய்தவன். தெரிந்ததை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை, ஆர்பிஎல் என்ற முன்னனுபவ மதிப்பீட்டில் போகலாம். பயிற்சி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் அவனுடைய ஆதாரங்களைப் பார்த்து, கேள்வி கேட்டு, வேலையையும் பார்த்து, குறை இருக்கும் பாடத்துக்கு மட்டும் பயிற்சி சொல்லுவார்.

இங்கேதான் கவனம் வேண்டும். "இரண்டு கிழமையில் சான்றிதழ், பரீட்சை இல்லை" என்று முகநூலில் விளம்பரம் வரும். 2024 இறுதியிலிருந்து தேசியப் பயிற்சி ஒழுங்கமைப்பாளரான அஸ்குவா, ஒழுங்காக மதிப்பிடாமல் கொடுத்த ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை ரத்துச் செய்திருக்கிறது. காசு கட்டியவர்கள் பலர் கடிதம் வந்த பிறகுதான் விளங்கிக்கொண்டார்கள். தேசியப் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரைத் தேடி, இந்தச் சான்றிதழ் அவர்களுடைய பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசு கட்டுங்கள். வேலைத்தளத்துக்கு வந்து பார்க்க மாட்டோம், படங்கூட வேண்டாம் என்பவர்களிடம் போகாதீர்கள்.

ஆதாரம் என்றால் என்ன என்று மகன் கேட்டானாம். பேஸ்லிப் என்ற சம்பளச் சீட்டு, சுப்பர் கணக்கு, முதலாளியின் கடிதம். இவை அவன் எவ்வளவு காலம் வேலை செய்தான் என்று காட்டும். என்ன செய்தான் என்று காட்டப் படங்கள் வேண்டும். முடிந்த ஸ்லாப்பின், அதாவது கொங்கிறீற் தளத்தின், பளபளப்பான படம் நூறு இருந்தும் பயன் குறைவு. பலகை அடித்து மட்டம் பார்ப்பது, பிளாஸ்டிக் விரித்துக் கம்பி வலையைச் செயார் என்ற சிறு தாங்கிகள் மேல் தூக்கி வைப்பது, லொறியிலிருந்து ஊற்றுவது, மட்டக்கோல் இழுப்பது, நீளப்பிடி உள்ள புல் ஃப்ளோட்டால் மேல்பரப்பைத் தேய்ப்பது, வெடிப்பைக் கட்டுப்படுத்த மூட்டு வெட்டுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் அவன் கையும் முகமும் தெரிகிற படம் வேண்டும். தேதியும் இடமும் குறித்து வைக்கட்டும். முதலாளியோடு மனக்கசப்பு வந்தபின் கடிதம் கேட்பது கடினம். நல்லாயிருக்கும்போதே கேட்டு வாங்கட்டும்.

மதிப்பீட்டாளர் கேட்கிற கேள்விகளில் உங்கள் கேள்விக்கும் பதில் இருக்கிறது அக்கா. லொறி வந்து நிற்கிறது, கலவை இறுக்கமாக இருக்கிறது, கூட வேலை செய்பவன் தண்ணீர் விடு என்கிறான். விட்டால் என்ன ஆகும்? இழுக்க இலகுவாக இருக்கும், ஆனால் வலிமை குறையும், மேல்பரப்பு தூளாகும், காயும்போது அதிகம் சுருங்கி வெடிக்கும். கலவை எவ்வளவு இளகியது என்று சொல்லும் ஸ்லம்ப் 80 மில்லிமீற்றர் என்று லொறியோடு வரும் டொக்கெட்டில் இருந்தால் ஏன் அதை மதிக்க வேண்டும்? என்32 என்ற கொங்கிறீற் தரத்தின் வலிமை 28 நாளில் எத்தனை மெகாபாஸ்கல்? இப்ஸ்விச் பக்கத்துக் களிமண் மழையில் வீங்கி வெயிலில் சுருங்கும், அங்கே மண் அதிகம் அசைகிற எச்1 வகை என்று பொறியியலாளர் எழுதினால் அடித்தளம் எப்படி மாறும்? ஜனவரி வெயிலில் ஊற்றிய ஸ்லாப்பை எப்படி ஈரமாக வைத்திருப்பது? இவை ஒவ்வொன்றுக்கும் மகன் தொலைபேசியில் எனக்குத் தயங்காமல் பதில் சொன்னான். மண் வகை ஒன்றில் மட்டும் தடுமாறினான், அதைப் படித்துக்கொள்ளலாம். ஒரு வீடு முழுவதும் நிற்கிற அடித்தளத்தைச் சரியாகப் போடத் தெரிந்த பிள்ளை அவன். நீங்கள் அவனைப் பெருமையோடு பார்க்கலாம்.

சான்றிதழ் கிடைத்ததும் லைசென்ஸ் வந்துவிடாது. ஒப்பந்தக்காரர் லைசென்ஸுக்கு வியாபாரம் நடத்துவது பற்றிய ஒரு பாடமும், அனுபவத்துக்குச் சாட்சி சொல்ல ஆட்களும், கையில் ஓரளவு பணமும் வேண்டும். மிகச் சிறிய வகையான எஸ்சி1இல் வருட வருமானம் 200,000 டொலர் வரை போகலாம். அதற்குக் கடன் கழித்து 12,000 டொலர் பெறுமதியான சொத்து இருக்க வேண்டும். தொடங்க அது போதும். ஆனபடியால் பின்னால் சாமான் ஏற்றும் புதிய யூட் வாகனத்தைக் கடனுக்கு எடுக்கிற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். திவாலானவருக்கு லைசென்ஸ் மூன்று வருடம் கிடைக்காமல் போகும் என்பதையும் அவன் இப்போதே தெரிந்திருக்கட்டும்.

உடம்பைப் பற்றியும் கேட்டீர்கள். முழங்கால் தேயும், முதுகு பிடிக்கும், ஈரச் சீமெந்து தோலைச் சுடும். எனக்கு எல்லாவற்றிலும் பெரிய கவலை கொங்கிறீற் வெட்டும்போது எழும் சிலிக்காத் தூசு. அது நுரையீரலில் தங்கினால் திரும்பப் போகாது. தண்ணீர் விட்டுத்தான் வெட்ட வேண்டும், அளவாகப் பொருந்திய முகக்கவசம் போட வேண்டும். ஐந்து நிமிட வேலைதானே என்று விடக்கூடாது. தாயாக நீங்கள் ஒன்றில் பிடிவாதமாக இருப்பதென்றால் இதில் இருங்கள்.

இந்த ஞாயிறு அவனோடு உட்கார்ந்து நாலு வருடத்துப் பேஸ்லிப்பையும் ஒரு கோப்பில் போடுங்கள். பக்கத்து வீட்டாருக்கு அவன் தன் முதலாளியின் நம்பரைக் கொடுக்கட்டும். லைசென்ஸ் உள்ள அவர் அந்த வேலையை எடுத்தால், அதே ட்ரைவ்வேயில் மகன் சம்பளத்துக்கு நிற்கலாம். பலகை அடிப்பதிலிருந்து மூட்டு வெட்டும்வரை படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அதுவும் கோப்பில் சேரும்.