பீரோவுக்குள் போன முருகன்

கேள்வி: எனக்கு 39 வயது. பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். இப்போது ஒயிட்ஃபீல்டு அருகே சொந்த ஃபிளாட்டில் மனைவி, எட்டு வயது மகள், அம்மா ஆகியோருடன் இருக்கிறேன். பணம் கட்டினால் முன்வரிசை, இல்லாவிட்டால் கம்பிக்குப் பின்னால் என்று நடக்கும் கோயில்களைப் பார்த்துப் பார்த்து மதத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. ‘நட்ட கல்லும் பேசுமோ’ என்று சிவவாக்கியர் கேட்டதுதான் என் கேள்வியும். மகளை எந்த மதமும் இல்லாமல் வளர்க்க முடிவு செய்திருக்கிறோம். அதனால் புது வீட்டில் பூஜை அறை வைக்கவில்லை. அம்மாவும் புரிந்துகொண்டு சாமி படங்களைத் தன் பீரோவுக்குள் வைத்துக்கொண்டார். அதில் பிரச்சினை எதுவும் இல்லை. என் குழப்பம் வேறு. போன மாதம் நண்பர் வீட்டு விசேஷத்தில் யாரோ திருப்புகழ் பாடினார்கள். எனக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை. நம்பிக்கை இல்லாதவனுக்கு இந்த உணர்ச்சி எங்கிருந்து வருகிறது? உணர்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டு மதத்தை விட்டுவிட முடியுமா? இல்லை, இது வெறும் பழக்கதோஷமா?
(பெயர் வேண்டாம், பெங்களூரு)

பதில்:

தம்பி, உங்கள் அம்மா விளக்கேற்றி எத்தனை நாளாகிறது?

கடிதத்தில் அது இல்லை. ‘பிரச்சினை எதுவும் இல்லை’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவே எந்தப் பெண்ணும் விளக்கேற்ற மாட்டாள். சூடம் காட்ட மாட்டாள். ஊதுபத்திகூட வைக்க மாட்டாள், துணியில் பொறி விழுந்துவிடும். அப்படியானால் அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவர் செய்வது இவ்வளவுதான்: அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, பீரோவைத் திறந்து, அந்துருண்டை வாசனைக்கு நடுவில் முருகனைப் பார்த்துக் கையைக் கூப்பி, மறுபடி மூடிச் சாவியைத் திருப்புகிறார். அதற்குள் பேத்தி வந்துவிட்டால், புடவை எடுப்பது போலக் காட்டிக்கொள்கிறாரோ என்னவோ.

அம்மா புரிந்துகொண்டார் என்கிறீர்கள். நாற்பது வருஷமாக இந்த மாதிரிக் கடிதங்களைப் படிக்கிறேன். வீட்டில் வயதான பெண் எதையாவது ‘புரிந்துகொண்டார்’ என்று ஆண்பிள்ளைகள் எழுதும்போதெல்லாம் அவர் வாயை மூடிக்கொண்டார் என்றுதான் நான் படித்துக்கொள்கிறேன். வீடு மகன் பெயரில். மருமகள் இருக்கிறாள். வேறு போக்கிடம் இல்லை. இந்த நிலைமையில் ‘சரிப்பா’ என்று சொல்வதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள உங்களால் எப்படி முடிந்தது?

கோயிலில் உங்களுக்குக் கோபம் வந்த இடம் நியாயமான இடம். காசு உள்ளவனுக்குக் கருவறைப் பக்கத்திலும், இல்லாதவனுக்குக் கம்பிக்குப் பின்னாலும் இடம் ஒதுக்கும் ஏற்பாட்டில் எனக்கும் உடன்பாடு கிடையாது. ஆனால் உங்கள் வீட்டைப் பாருங்கள். வீட்டுக் கடன் கட்டுகிறவருக்கு ஹால் முழுவதும் சொந்தம். கட்டாத கிழவிக்கு ஒரு பீரோ தட்டு. எதை வெறுத்து வெளியே வந்தீர்களோ, அதே வரிசையை வீட்டுக்குள் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

சிவவாக்கியரை மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். நட்ட கல்லும் பேசுமோ என்பதோடு அவர் நிறுத்தவில்லை. ‘நாதன் உள்ளிருக்கையில்’ என்று அதே அடியில் தொடர்கிறார். உள்ளே இருப்பவனைக் காணச் சொன்ன பாட்டு அது. உங்கள் அம்மாவுக்குள்ளும் ஒரு நாதன் இருப்பானே, அதைக் கேட்டீர்களா?

என் அப்பா கருப்புச் சட்டைக்காரர். ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீடு. பெரியார் பேச்சு என்றால் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போகிறவர். அம்மாவுக்கோ கிருத்திகை தவறக் கூடாது. அப்பா கூடவே நடந்து போவார். கோயில் வாசலில் ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்து, ‘பூவுக்குக் காசு என் பொறுப்பு, கும்பிடுறது உன் பாடு’ என்பார். அம்மா உள்ளே போனதும் அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எதிரில் இருக்கும் டீக்கடை ஓரம் நிற்பார். செருப்பு திருட்டுப் போகிறது என்று அம்மா ஒரு தரம் சொன்னாராம், அதற்கு அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. கடைசிவரை அவர் படி ஏறவில்லை. அம்மாவும் அவரை ஏறச் சொல்லவில்லை. மதத்தைக் கேள்வி கேட்கிற மனிதர் என்றால் எனக்கு அந்தச் செருப்பைப் பிடித்த கைதான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, உங்கள் கண்ணீருக்கு வருகிறேன்.

அது நம்பிக்கையா பழக்கமா என்று எடை போட உட்கார்ந்திருக்கிறீர்கள். ‘யானே பொய், என் நெஞ்சும் பொய், என் அன்பும் பொய்’ என்று மாணிக்கவாசகரே சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னவர் ‘ஆனால் வினையேன் அழுதால் உன்னைப் பெறலாமே’ என்று முடித்தார். தன் அன்பு நிஜமா என்ற சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அதைத் தீர்த்துக்கொண்டுதான் அழ வேண்டும் என்றால் உலகத்தில் யாருமே அழ முடியாது.

அதைவிட, அந்தப் பாட்டு உங்கள் காதுக்கு எப்படி வந்தது என்று யோசியுங்கள். அருணகிரிநாதர் பாடியது 15-ஆம் நூற்றாண்டில். அதில் பெரும்பகுதி ஓலைச்சுவடிகளில் சிதறிக் கிடந்தது. வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை என்ற மாவட்ட முன்சீப், உத்தியோகத்துக்கு நடுவே ஊர் ஊராகச் சுவடி தேடிச் சேர்த்து 1894-இல் முதல் தொகுதியை அச்சாக்கினார். அப்புறம் பஜனை மடங்களில், கிருத்திகை வழிபாடுகளில், பத்துப் பேர் தரையில் உட்கார்ந்து தாளம் தட்டிப் பாடிப் பாடி அது ஊர் விட்டு ஊர் போனது. அல்சூர் வரை அப்படித்தான் வந்திருக்கும். மதம் என்ற ஏற்பாட்டில் நீங்கள் பார்த்த டிக்கெட் கவுண்டரும் உண்டு, இந்தப் பத்துப் பேரும் உண்டு. கவுண்டரை விட்டுவிடுங்கள், நான் தடுக்கவில்லை. பத்துப் பேரையும் விட்டுவிட்டு அவர்கள் கொண்டுவந்து சேர்த்த உணர்ச்சி மட்டும் உங்களுக்கு வேண்டும் என்றால் அது எப்படி நடக்கும்?

எட்டு வயதில் உங்களுக்குத் திருப்புகழ் பாடியது யார்? அதையும் நீங்கள் எழுதவில்லை. கோயிலில் கேட்டதாக இருந்தால் கூட்டத்தோடு கேட்டுவிட்டு மறந்திருப்பீர்கள். நண்பர் வீட்டில் பலர் முன்னால் அழ வைக்கிற அளவுக்கு ஒரு சந்தம் உடம்பில் ஊற வேண்டுமானால், அது அடுப்படியிலிருந்து தினமும் கேட்டிருக்க வேண்டும். நான் நினைப்பது சரியென்றால், அந்தக் குரல் இன்றைக்கு உங்கள் ஃபிளாட்டில் பக்கத்து அறையில் இருக்கிறது, பீரோ சாவியோடு. அவர் கடைசியாக வாய்விட்டுப் பாடியது எப்போது? நீங்கள் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

சாதியும் சமயமும் சாத்திரக் குப்பையும் வேண்டாம் என்று வள்ளலாரைவிடக் கடுமையாகச் சொன்னவர்கள் நம்மில் குறைவு. உணர்ச்சியிலும் அவரை மிஞ்ச ஆளில்லை, வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடியவர். வாடியவர் அதோடு நின்றாரா? 1867-ஆம் வருஷம் மே 23-ஆம் தேதி வடலூரில் தருமச்சாலை அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை, பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. மதத்தை விட்டு உணர்ச்சியை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டீர்கள் அல்லவா? முடியும். அவர் மாதிரி அதைக் கைக்குக் கொண்டுவந்தால் முடியும். உங்கள் கண்ணீர் கன்னத்தோடு காய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், ‘இன்றைக்கு உன் பாட்டைக் கேட்டேன்’ என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் கடிதமே வந்திருக்காது.

மகள் விஷயத்தில் உங்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. வளர்ந்தபின் அவளே முடிவு செய்யட்டும் என்பீர்கள். பார்க்காத ஒன்றை எப்படி வேண்டாம் என்பாள்? எப்படி வேண்டும் என்பாள்? நீங்கள் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததே அல்சூரில் எல்லாவற்றையும் பார்த்து வளர்ந்ததால்தான். சோமேசுவரர் கோயில் திருவிழாவுக்கு ராத்திரி முழுக்கப் பூப்பல்லக்குகள் வந்து சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். கரக ஊர்வலம் மஸ்தான் தர்காவுக்குள் போய்விட்டு வரும் ஊர் இது. இதையெல்லாம் பார்த்து, கேட்டு, அப்புறம் கோபப்பட்டு வெளியே வந்தீர்கள். அந்தக் குழந்தைக்குக் கோபப்படவாவது ஏதாவது வேண்டாமா? இப்போது அவள் கற்றுக்கொண்டிருப்பது ஒன்றுதான்: பாட்டிக்குப் பிடித்ததை ஒளித்துத்தான் வைக்க வேண்டும். பிள்ளைகள் இந்த மாதிரிப் பாடத்தை மறப்பதே இல்லை. நாளைக்கு உங்களுக்கும் வயதாகும்.

நீங்கள் நம்ப வேண்டாம். கோயிலுக்குள் போக வேண்டாம். அம்மாவை ஒரு செவ்வாய்க்கிழமை அல்சூர் சுப்பிரமணியர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 2023 அக்டோபரில் மெட்ரோ ஊதா வழித்தடம் முழுவதும் இணைந்த பிறகு, ஒயிட்ஃபீல்டில் ஏறினால் மாறாமல் அல்சூரில் இறங்கலாம். தூரம் என்று சாக்கு சொல்ல முடியாது. வாசலிலேயே நில்லுங்கள். செருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை இருக்கிறது. ஹாலில் ஓர் இடம் ஒதுக்குங்கள். எந்த மூலை என்று அம்மாவைக் கேளுங்கள். ‘எதுக்குப்பா, இப்படியே இருக்கட்டும்’ என்பார். அதை நம்பி விட்டுவிடாதீர்கள், இரண்டாவது தரம் கேளுங்கள். மன்னிப்பு அது இது என்று நீளமாகப் பேசி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். விளக்கு எங்கே என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். பழைய புடவை எதிலாவது சுற்றி பீரோ அடித்தட்டில் வைத்திருப்பார். பித்தளையாக இருந்தால் களிம்பேறிப் பச்சை பிடித்திருக்கும். எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும். அதை அவரிடம் கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறக்காதீர்கள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீங்களே தேயுங்கள். திரி போடுவதை அம்மா பார்த்துக்கொள்வார்.