ஃபிளாக் (விமான எதிர்ப்பு பீரங்கி) கோபுரங்கள்: கேட்டதும் சொன்னதும்

இரண்டாம் உலகப் போரில் பெர்லின், ஹாம்பர்க், வியன்னா நகரங்களில் எழுந்த விமான எதிர்ப்புக் கோபுரங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கே: பீரங்கியைத் தரையிலேயே வைத்துச் சுட்டால் ஆகாதா சார்? கோபுரம் எதற்கு?

ப: தரையிலும் வைத்தார்கள், ஆயிரக்கணக்கில். ஆனால் நகரின் நடுவில், ஐந்து மாடிக் குடியிருப்புகளுக்கு இடையே பீரங்கியை நிறுத்தினால் தலைக்கு நேர் மேலே தெரியும் வானம்தான் மிச்சம், தூரத்தில் வரும் விமானம் கண்ணிலும் படாது ரேடாரிலும் சரியாகப் படாது. அதனால் கூரைகளுக்கு மேலே ஏற வேண்டியிருந்தது. உடனடிக் காரணம் மானப் பிரச்சினை. 1940 ஆகஸ்ட் 25 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லின் வரை வந்து குண்டு போட்டன. சேதம் கொஞ்சம்தான், ஆனால் தலைநகருக்கே வந்துவிட்டார்களே! அடுத்த மாதமே கோபுரம் கட்டச் சொல்லி ஹிட்லர் உத்தரவு போட்டார். வடிவமைத்தவர் ஃபிரீட்ரிக் டாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர்.

கே: மொத்தம் எத்தனை?

ப: எட்டு ஜோடி. பெர்லினில் 3, ஹாம்பர்க்கில் 2, அப்போது ஜெர்மனியோடு இணைக்கப்பட்டிருந்த வியன்னாவில் 3.

கே: ஜோடி ஜோடியாக ஏன்? ஒன்றிலேயே எல்லாவற்றையும் வைத்திருக்கலாமே.

ப: பீரங்கி சுடும்போது எழும் அதிர்வும் புகையும் பக்கத்தில் இருக்கும் கருவிகளைக் கெடுத்துவிடும். அதனால் பெரிய கோபுரத்தில் பீரங்கிகள், சில நூறு மீட்டர் தள்ளிச் சின்னக் கோபுரத்தில் ரேடாரும் குறி பார்க்கும் கருவிகளும், நடுவில் கேபிள். பெரிய கோபுரத்தின் உச்சியில் 12.8 செ.மீ. இரட்டைக் குழல் பீரங்கிகள் நான்கு, அதாவது எட்டுக் குழல். ஒரு ஷெல்லின், அதாவது பீரங்கிக் குண்டின், எடை சுமார் 26 கிலோ. கீழ்த் தளத்திலிருந்து லிஃப்டில் ஏறி வரும்.

குறி பார்ப்பதுதான் இதில் பெரிய கஷ்டம். ஆறாயிரம் மீட்டர் உயரத்தில் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் வரும் விமானத்தை எட்ட ஷெல்லுக்கு எட்டு பத்து நொடி பிடிக்கும், அதற்குள் விமானம் முக்கால் கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே இப்போது இருக்கும் இடத்தை அல்ல, இனி வரப்போகும் இடத்தைச் சுட வேண்டும். அதைக் கணக்குப் போட ஒரு இயந்திரம், அந்தக் கணக்குப்படி இத்தனையாவது நொடியில் வெடி என்று ஷெல்லின் மூக்கில் இருக்கும் ஃபியூஸைத் திருகி வைக்க இன்னொரு இயந்திரம். விமானி நடுவில் லேசாகத் திசை மாற்றிவிட்டால் அத்தனையும் வீண்.

கே: அப்படியானால் நிறைய விமானம் விழவில்லையா?

ப: கோபுரத்தின் பிரம்மாண்டத்தோடு ஒப்பிட்டால் இல்லை. ஒரு விமானத்தை வீழ்த்த சாதாரண 8.8 செ.மீ. பீரங்கிக்குச் சராசரியாக 16,000 ஷெல் தேவைப்பட்டது, 12.8-க்கு 3,000 என்று ஜெர்மன் தரப்புக் கணக்கு ஒன்றை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். பெரிய பீரங்கி மேல் என்பது உண்மைதான், ஆனாலும் 3,000! 1943 ஜூலையில் ஹாம்பர்க்கைத் தாக்கியபோது பிரிட்டிஷார் அலுமினியத் தாள் கீற்றுகளை மூட்டை மூட்டையாக வானில் கொட்டினார்கள். ரேடார் திரை முழுக்கப் பொய்ப் புள்ளிகள், பீரங்கிகள் கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டன. சில நாளில் நகரமே தீப்புயலில் வெந்தது. என் கருத்து: ஆயுதமாக இவை சுமார், பதுங்கிடமாக அபாரம்.

கே: உள்ளே பொதுமக்களை விட்டார்களா?

ப: விட்டார்கள். கூரை மட்டும் 3.5 மீட்டர் கான்கிரீட். பெர்லின் மிருகக்காட்சிசாலைக் கோபுரத்தில் பத்தாயிரம் பேருக்கு இடம், ஒரு தளத்தில் ஆஸ்பத்திரி. 1945 ஏப்ரலில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஜனம் படிக்கட்டு வரை அடைந்து கிடந்தது. சோவியத் செஞ்சேனையின் 203 மி.மீ. பீரங்கிகளாலும் சுவரைத் துளைக்க முடியவில்லை, கடைசியில் பேச்சுவார்த்தையில்தான் சரணடைந்தார்கள்.

இத்தனை கான்கிரீட்டையும் கட்டியதில் போர்க்கைதிகளும் கட்டாயக் கூலிகளும் உண்டு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கே: பள்ளிப் பையன்கள் பீரங்கி சுட்டார்கள் என்கிறார்களே, நிஜமா அண்ணா?

ப: நிஜம்தான் தம்பி. 1943 தொடக்கத்திலிருந்து 15, 16 வயது மாணவர்களை வகுப்போடு அழைத்துக்கொண்டார்கள். பகலில் வாத்தியார் பீரங்கித் தளத்துக்கே வந்து பாடம் எடுப்பார், ராத்திரி சைரன் அடித்தால் பையன்கள் ஃபியூஸ் கருவிக்கும் ரேடாருக்கும் ஓட வேண்டும். விடிய விடியச் சுட்டுவிட்டு மறுநாள் லத்தீன் படித்திருக்கிறார்கள்.

கே: ட்ராய் தங்கம் இதில் இருந்ததா?

ப: ஆமாம், பண்டைய ட்ராய் நகரம் இருந்த இடத்தில் ஷ்லீமன் என்ற ஜெர்மன் அகழ்வாளர் தோண்டியெடுத்த தங்கம் மிருகக்காட்சிசாலைக் கோபுரத்தில்தான் இருந்தது. அங்கிருந்து சோவியத் யூனியனுக்குப் போனது, மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருப்பதை 1990-களில்தான் ஒப்புக்கொண்டார்கள். பெர்லினின் இன்னொரு கோபுரமான ஃபிரீட்ரிக்ஸ்ஹைனின் கதை இன்னும் மோசம். 1945 மே மாதம், சண்டை ஓய்ந்த பிறகு, உள்ளே தீப்பிடித்து, பாதுகாப்புக்காக வைத்திருந்த 400-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் போயின, இத்தாலிய ஓவியர் காரவாஜியோ வரைந்தவை உட்பட. யார் வைத்த தீ என்று இன்றுவரை முடிவாகவில்லை.

கே: போருக்குப் பிறகு இடிக்கவில்லையா?

ப: முயன்றார்கள். மிருகக்காட்சிசாலைக் கோபுரத்துக்கு 1947-ல் பிரிட்டிஷார் வெடி வைத்தார்கள், புகை கலைந்ததும் பார்த்தால் கோபுரம் அப்படியே நிற்கிறது. மறுவருடம் சுமார் 35 டன் வெடிமருந்து வைத்த பிறகே விழுந்தது. வியன்னாவில் வீடுகள் நெருக்கமாக இருந்ததால் ஆறையும் விட்டுவிட்டார்கள், அதில் ஒன்றுக்குள் இப்போது மீன் காட்சியகம். ஹாம்பர்க் வில்ஹெல்ம்ஸ்பர்க் கோபுரத்துக்குள் 20 லட்சம் லிட்டர் வெந்நீர்த் தொட்டி வைத்து அக்கம்பக்கத்து வீடுகளைச் சூடாக்குகிறார்கள்.

கே: அடுத்த வருடம் பெர்லின் போகிறேன். எதைப் பார்க்கலாம்?

ப: பெர்லினின் மூன்றாவது கோபுரமான ஹும்போல்ட்ஹைன். பக்கத்திலேயே ரயில் பாதை இருந்ததால் வடக்குப் பக்கத்தை முழுதாகத் தகர்க்க முடியவில்லை, வழிகாட்டியோடு உள்ளே இறங்கலாம். வெயில் காலமானாலும் ஸ்வெட்டர் வேண்டும். குளிர்காலத்தில் போகாதீர்கள், வௌவால்கள் தூங்கும் என்று உள்ளே விடமாட்டார்கள்.