கறுப்பு வெள்ளைப் படம்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: ஏற்காட்டில் உறவினர் எஸ்டேட்டில் காபி பழுத்திருந்தபோது போனில் படம் எடுத்தேன். கலரில் அருமை. கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் பழம் எது, இலை எது என்றே தெரியவில்லை. வருஷத்துக்கு நாலாயிரம் கட்டி ஒரு எடிட்டிங் ஆப் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். வாங்கலாமா ஐயா?
- அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: வேண்டாம். காசு செலவில்லாமலே சரியாகும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு, 0 முதல் 255 வரை. நம் கண்ணுக்குப் பச்சை தூக்கலாகவும் நீலம் மங்கலாகவும் தெரியும். அதனால் சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11 என்று எடுத்துக் கூட்டுவதுதான் வழக்கமான கணக்கு. பழத்தில் சிவப்பு 180, மற்ற இரண்டும் 30 என்று வையுங்கள். கூட்டினால் 75 வரும். பக்கத்து இலையில் சிவப்பு 40, பச்சை 95, நீலம் 35 என்றால் 72 வரும். இந்த மூன்று எண் வித்தியாசத்தில் பழத்தை எங்கே போய்த் தேடுவது?

சிவப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள். பழம் 180, இலை 40. பழங்கள் கொத்துக்கொத்தாக வெளிச்சமாகத் தெரியும். பச்சையை மட்டும் எடுத்தால் இலை வெளுத்து, பழம் கறுத்துவிடும். எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். போனில் ஸ்னாப்சீட் ஆப்பின் கறுப்பு வெள்ளைப் பகுதியில் சிவப்பு, பச்சை எல்லாம் ஃபில்டராகவே இருக்கின்றன. கணினியில் கிம்ப், டார்க்டேபிள் என்ற மென்பொருள்கள். மூன்றும் இலவசம். எதிலும் ஸ்லைடரை ஒரேயடியாகக் கோடிக்கு இழுக்காதீர்கள். சாதாரணமாகச் சேமிக்கப்படும் ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். நீலத்தை அடிமட்டத்துக்கு இறக்கினால் வானம் பொரிப்பொரியாகிவிடும், சில்வர் ஓக் மரத்தின் ஓரங்களில் வெள்ளைக் கோடு கிளம்பும்.

கேள்வி: கேமராவிலேயே கறுப்பு வெள்ளை மோட் வைத்து எடுத்துவிட்டால் வேலை மிச்சம்தானே?
- குகை வாசகர்

பதில்: ஜேபெக்கில் அப்படி எடுத்தால் நிறம் போனது போனதுதான், மேலே சொன்ன எதையும் செய்ய முடியாது. கேமரா பிடித்ததை மாற்றாமல் வைக்கும் ரா ஃபைலும் சேர்ந்து பதிவானால் தாராளமாக வையுங்கள், அதில் நிறம் அப்படியே இருக்கும்.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் லென்ஸுக்குச் சிவப்பு ஃபில்டர் 1,800 ரூபாய் சொல்கிறார்கள். வானம் கறுப்பாகும், மூடுபனியையும் வெட்டும் என்கிறார் கடைக்காரர்.
- சூரமங்கலம் வாசகர்

பதில்: ஃபிலிம் கேமராவாக இருந்தால் வாங்குங்கள் என்பேன். 1927-ல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையைப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் முதலில் மஞ்சள் ஃபில்டரிலும் அப்புறம் அடர் சிவப்பிலும் எடுத்தார். இரண்டாவதில்தான் வானம் கறுத்து, பாறை எழுந்து நின்றது. அவர் கையில் இருந்தது படம் பதியும் கறுப்பு வெள்ளைத் தகடு. வெளிச்சம் உள்ளே விழும் முன்பே நிறத்தைப் பிரித்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு. உங்கள் கேமராவில் வெளிச்சத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் அந்தப் பிரிப்பு ஏற்கெனவே இருக்கிறது, நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்று. அதன் முன்னால் சிவப்புக் கண்ணாடியை வைத்தால் நாலில் ஒரு புள்ளிதான் உருப்படியாக வேலை செய்யும். வெளிச்சமும் மூன்று ஸ்டாப் குறையும், அதாவது எட்டில் ஒரு பங்குதான் உள்ளே வரும். நான் வாங்கியது டப்பாவோடு அலமாரியில் கிடக்கிறது. அதை மாட்டி எடுத்த மாக்னசைட் மேடுகளையும், கலரில் எடுத்துக் கணினியில் நீலத்தை இறக்கிய அதே மேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கூர்மை இரண்டாவதில்தான்.

மூடுபனியை வெட்டும் என்பது பொய். ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்தைப் பார்க்கும்போது தெரிகிறதே நீல மங்கல், அது சிவப்பில் குறையும். மூடுபனி நீர்த்துளி. எல்லா நிறத்தையும் ஒரேபோல் சிதறடிக்கும், எந்தக் கண்ணாடிக்கும் அடங்காது. செலவு செய்தே தீர வேண்டுமானால் போலரைசர் என்ற லென்ஸ் ஃபில்டரை வாங்குங்கள். ஈர இலையின் பளபளப்பையும் ஏரித் தண்ணீரின் மினுக்கத்தையும் அது குறைக்கும். அதைப் பின்னால் எந்த மென்பொருளும் சரியாகச் செய்யாது.

கேள்வி: ‘மலைக் காட்சிகளுக்கு’ என்று 40 கறுப்பு வெள்ளை பிரிசெட்களை இன்ஸ்டாகிராமில் 999 ரூபாய்க்கு வாங்கினேன். பகோடா பாயின்ட் பனிமூட்டப் படத்தில் போட்டால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. பணம் திரும்புமா?
- ஆத்தூர் வாசகர்

பதில்: இந்த வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிரிசெட் என்பது யாரோ ஒருவர் தன்னுடைய படத்துக்கு ஸ்லைடர்களை எங்கே நிறுத்தினாரோ அந்த எண்களின் பட்டியல். அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொள்வது மாதிரி. விற்றவர் காட்டிய மாதிரிப் படத்தைப் பாருங்கள்: நீல வானம், செம்மண், வெயில் பட்ட புல். நீலத்தை இறக்கி, சிவப்பை ஏற்றினால் எந்தப் படமும் அப்படித்தான் நாடகமாக மாறும். உங்கள் படத்தில் நிறமே இல்லை, முழுக்கப் பனி. கலப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் 40 கலவை இருந்து என்ன, 400 இருந்து என்ன? பனிப் படத்துக்கு வேண்டியது வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் ‘கர்வ்ஸ்’ வளைவில் கொஞ்சம் கைவைப்பது. முன்னால் நிற்கும் மரத்தை மட்டும் ஒரு படி கறுக்க வைத்து, பின்னால் உள்ளதைத் தொடாமல் விடுங்கள். படம் எடுக்கப் பழகும் பிள்ளைகளிடம் ‘இது உன்னால் ஆகாது, வாங்கிக்கொள்’ என்று சொல்லிப் பறிக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பணம்? ‘திருப்பித் தரப்படாது’ என்ற வரி நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டிலேயே இருக்கிறது. படித்துவிட்டுத்தானே கட்டினீர்கள்? ஃபைல் வந்தது, திறக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று ஒரு எடிட்டிங் ஆப் போட்டேன். எட்டாம் நாள் முழு வருஷப் பணத்தையும் பிடித்துவிட்டார்கள்.
- ஓமலூர் வாசகர்

பதில்: தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜ் வந்தது, பார்க்காமல் தள்ளிவிட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் யார் மேல் புகார் கொடுப்பது? அடுத்த வருஷத்துக்கான பிடித்தத்தையாவது இன்றே ரத்து செய்யுங்கள்.

கேள்வி: என் கணவர் எடுத்த ஏற்காடு ஏரிப் படம். அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. பெரிதாகக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டு ஃப்ரேம் செய்ய ஒரு ஸ்டுடியோவில் 6,500 ரூபாய் கொடுத்தேன். தண்ணீர், மரம் எல்லாம் பச்சை தட்டுகிறது. போன வாரம்தான் வாங்கினேன். கேட்டால் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற போர்டைக் காட்டுகிறார்கள். பில் இல்லை, ஜிபேயில் அனுப்பினேன். படம் இருக்கும் பென்டிரைவும் அவர்களிடமே இருக்கிறது.
- அம்மாபேட்டை வாசகி

பதில்: அம்மா, உங்கள் மேல் துளியும் தப்பில்லை. கலர் லேப் தாளில் மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று சாயங்கள்தான். சாம்பலையே அந்த மூன்றையும் சரியாகச் சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டும். மெஷின் அளவு கொஞ்சம் பிசகினாலும் பச்சையோ ஊதாவோ தட்டும். கலர் படத்தில் அது அவ்வளவாகத் தெரியாது, இதில் உடனே தெரிந்துவிடும்.

சாதாரணக் கண்ணாடியே லேசாகப் பச்சை காட்டும் என்பதால் முதலில் ஃப்ரேம் கண்ணாடியைக் கழற்றுங்கள். பகலில் ஜன்னலோரம், ஏரித் தண்ணீர்ப் பகுதியின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரண்டும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ட்யூப்லைட்டில் வேண்டாம்.

அந்தப் போர்டு உங்களைக் கட்டுப்படுத்தாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் வேறு கெடு இல்லாதபோது 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அதே பட்டியலில் வருகிறது. ஆகவே தள்ளிப்போடாமல் வாட்ஸ்அப்பிலோ பதிவுத் தபாலிலோ எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் பணம் கொடுத்ததற்குச் சாட்சி, அழித்துவிடாதீர்கள்.

மறுபடி பிரிண்ட் போடும்போது, சாம்பல் மை தனியாக உள்ள பிக்மென்ட் இங்க்ஜெட் பிரிண்டரா என்று கேளுங்கள். சின்ன அளவில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுப் பெரியதற்குச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், நாளைக் காலையே ஸ்டுடியோவுக்குப் போய் உங்கள் கணவர் எடுத்த கலர் ஃபைல் இருக்கும் பென்டிரைவைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சண்டையெல்லாம் அதற்கப்புறம்.