மேல் மாடி ஃபிளாட், சீலிங் மூலைல மட்டும் புது பெயின்ட்: வாங்கலாமா?

கேள்வி: குரோம்பேட்டைல 19 வருஷப் பழைய அபார்ட்மென்ட்ல மேல் மாடி ஃபிளாட் ஒன்னு பாத்திருக்கோம். ரெண்டு பெட்ரூம், 62 லட்சம் சொல்றாங்க. டோக்கன் அட்வான்ஸ் 50,000 குடுத்தாச்சு, அக்ரிமென்ட் இன்னும் போடல. ரெண்டாவது தடவை போனப்ப ஹால் சீலிங்ல ஒரு மூலை மட்டும் புதுசா பெயின்ட் அடிச்சிருந்துச்சு. கேட்டா, "மழைக்கு லேசா ஓதம் காக்கும்மா, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடி நானே ரிப்பேர் பண்ணிக் குடுத்துடறேன்"ங்கறார் ஓனர். "அதான் அவரே பண்ணித் தரேங்கறாரே"ன்னு என் வீட்டுக்காரர் சொல்றார், எனக்கு மனசு ஒப்பல. என்ன பண்றது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: உங்க மனசு சொல்றதுதான் சரி சகோதரி. ஓனர் ரிப்பேர் பண்ணித் தரேன்னா, வேண்டாம் சார்னு சொல்லிடுங்க. வித்துட்டுப் போற மனுஷனுக்கு என்ன தேவை, பத்திரத்துல கையெழுத்து போடற நாள் வரைக்கும் சீலிங் வெள்ளையா இருக்கணும், அவ்வளவுதானே. ரெண்டு கோட் புட்டி, அதுக்கு மேல 'டேம்ப் ப்ரூஃப்'னு டப்பால எழுதின ஏதோ ஒரு பெயின்ட், முடிஞ்சுது வேலை. காய்ச்சலுக்கு நெத்தில பவுடர் பூசற கதைதான். தண்ணி மேல இருந்து எறங்குது, கீழ இருந்து அடைச்சா நிக்குமா? ரெண்டடி தள்ளி வேற எடத்துல வரும், இல்ல ஸ்லாபுக்குள்ளயே தங்கி கம்பிய துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடிச்ச கம்பி உப்பும், உப்பி கான்கிரீட்ட வெளிய தள்ளும், சில வீட்டு சீலிங்ல இருந்து பாளம் பாளமா விழுதே அது இப்படித்தான் வருது.

அதனால அடுத்த தடவை போறப்ப ஒரு நீளக் கம்பு எடுத்துட்டுப் போங்க, ஒட்டடைக் குச்சியோட அடிப்பக்கம் கூட போதும். அந்த மூலைல ஆரம்பிச்சு சீலிங்க தட்டிக்கிட்டே வாங்க. கெட்டியா இருக்கற எடத்துல 'டக்'னு கேக்கும், உள்ள விட்டுப்போன எடத்துல 'டொப்பு டொப்பு'னு கேக்கும். அந்த டொப்பு சத்தம் எவ்வளவு தூரம் வருதுன்னு பென்சில்ல கோடு போட்டுக்கோங்க, (அப்ப ஓனர் மூஞ்சி போற போக்கையும் கொஞ்சம் கவனிங்க). வெறும் பூச்சு மட்டும் விட்டிருந்தா பெரிய விஷயமில்ல, கொத்திட்டு பூசிக்கலாம். ஆனா கம்பி ஓடற வாக்குல நேர்கோடா கீறலும் அதுல துருக்கலரும் தெரிஞ்சா, இல்ல பீம்லயோ பில்லர்லயோ கீறல் இருந்தா, உங்க செலவுல ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூட்டிட்டுப் போய் காட்டாம ஒரு ரூபா கூட மேற்கொண்டு குடுக்காதீங்க. பேங்க்ல இருந்து வேல்யூவர் வந்து பாப்பாரே, போதாதான்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. அவர் வர்றது பேங்க் குடுக்கற கடனுக்கு வீடு மதிப்பு பெறுமான்னு பாக்க, ஓட்டை எங்க இருக்குன்னு உங்களுக்கு சொல்ல இல்ல.

அப்புறம் மொட்டை மாடிக்குப் போங்க. அந்த வயசு பில்டிங்னா பெரும்பாலும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேல தட்டோடு பதிச்சிருப்பாங்க. ஓடு ஓடுக்கு நடுவுல இணைப்பு விட்டிருக்கா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலை பிளந்திருக்கா, மழைத்தண்ணி போற குழாய் வாய் அடைச்சிருக்கா, டிஷ்ஷுக்கும் ஏசி ஸ்டாண்டுக்கும் எவனாவது தளத்துலயே ஓட்டை போட்டு போல்ட் அடிச்சிருக்கானா, சுவர் சந்துல அரசங்கன்னு முளைச்சிருக்கா, எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்கோங்க. தண்ணி டேங்க் உங்க ஹாலுக்கு மேல இருந்தா இன்னொரு கேள்வியும் இருக்கு: மழைக்கு மட்டும் ஓதமா, சித்திரை வெயில்லயும் ஓதமா? வெயில்லயும்னா அது டேங்க்கோ பைப்போதான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். மொட்டை மாடி பொதுவா ஓனரோட சொத்தே இல்ல, எல்லாருக்கும் பொது. பத்திரத்துல வேற மாதிரி எழுதியிருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. அப்படி இல்லேன்னா அவர் எப்படி தனியா ரிப்பேர் பண்ணித் தருவார்? தளத்த கொத்தி எடுத்து வாட்டர் ப்ரூஃபிங் பண்ணி திரும்ப ஓடு போடணும்னா அசோசியேஷன் முடிவு பண்ணணும், எல்லா வீட்டுக்காரங்களும் பங்கு போடணும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 படியும் பொதுச் செலவு எல்லார் தலைலயும்தான் விழும். ஆனா கீழ் வீட்டுக்காரர் "எங்க வீட்டுல ஒழுகல சார், நான் எதுக்கு தரணும்"னு வருஷக்கணக்கா இழுத்தடிக்கறது சென்னைல சகஜம், அதுல மாட்டி முழிக்கறது எப்பவும் மேல் மாடிக்காரங்கதான். அதனால ஓனர்கிட்ட பேசினது போதும், செக்ரட்டரிய பாருங்க. ஃபண்ட்ல எவ்வளவு இருக்கு, டெரஸ் வேலை கடைசியா எப்ப நடந்துச்சு, மீட்டிங் மினிட்ஸ்ல இந்த ஒழுகல் வந்திருக்கா, இந்த ஃபிளாட்டுக்கு மெயின்டனன்ஸ் பாக்கி இருக்கா, எல்லாம் கேளுங்க. பாக்கி இல்லேன்னு லெட்டரும் வாங்கிக்கோங்க. செக்ரட்டரி சரியா பதில் சொன்னா ஓதம் இருந்தாலும் வாங்கலாம்ங்கறது என் அபிப்பிராயம். அசோசியேஷனே இல்ல, பேச்சுவார்த்தையே இல்லேன்னா, சீலிங் பளபளன்னு இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

வர்ற வழில கீழ் ஃபிளாட் பெல்லையும் அடிங்க. உங்க பாத்ரூம்ல இருந்து அவங்க சீலிங்ல தண்ணி சொட்டிட்டு இருந்தா, வீட்டோட சேர்த்து அந்த சண்டையையும்தான் வாங்கப் போறீங்க. பாத்ரூம் டைல்ஸ் பேத்து பண்ற வேலை சின்ன செலவு இல்ல. வயரிங், எர்த்து, பழைய ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப், நிலைல கரையான் இதையெல்லாம் ஒரு எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் அரை நாள்ல பாத்து சொல்லிடுவாங்க.

அப்புறம் ரெண்டு காண்ட்ராக்டர்கிட்ட எழுத்துல எஸ்டிமேட் வாங்கி, ஃபிளாட்டுக்குள்ள ஆகற செலவையும் டெரஸ்ல உங்க பங்கையும் கூட்டி அந்த தொகைய விலைல கழிக்கச் சொல்லுங்க. இதுல ஒரு சிக்கல் இருக்கு, விலை கொறஞ்சா அதுக்கு ஏத்த மாதிரி லோனும் கொறையலாம், ரிப்பேர் காசு உங்க கைல இருந்துதான் போகணும், அதனால அந்தப் பணத்த முன்னாடியே ஒதுக்கி வைங்க, இன்டீரியருக்குன்னு வச்சிருந்தா அதுல கைய வைங்க, மாடுலர் கிச்சன் ஒரு வருஷம் கழிச்சு வந்தா ஒன்னும் கெட்டுப்போகாது.

சட்டம் காப்பாத்தும்னு இருந்துடாதீங்க. ரெராவுல (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) 5 வருஷத்துக்கு கட்டுமானக் குறைய சரி பண்ணித் தரணும்னு இருக்கறது பில்டருக்கு, கை மாறி விக்கற ஓனருக்கு இல்ல. 1882 சொத்து மாற்றுச் சட்டத்துல 55வது பிரிவு, வாங்கறவர் சாதாரணமா பாத்து கண்டுபிடிக்க முடியாத குறைய விக்கறவர் தெரிஞ்சா சொல்லியாகணும்னு சொல்லுது, சரி, ஆனா நீங்கதான் பாத்துட்டீங்களே, அவரும் ஓதம்னு ஒத்துக்கிட்டாரே. இனி எதுவா இருந்தாலும் அக்ரிமென்ட்ல எழுதினாத்தான் உண்டு. இன்ஜினியர் ரிப்போர்ட்ல ஸ்ட்ரக்சுரல் குறைன்னு வந்தா அட்வான்ஸ் முழுசா திரும்பத் தரணும்னு ஒரு வரி போடச் சொல்லுங்க, டோக்கன் 50,000த்தையும் அதுல சேர்த்து எழுதுங்க. இதுக்கு ஓனர் இழுத்தார்னா, உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, குரோம்பேட்டைல வேற ஃபிளாட் கிடைக்கும்.